நீல ஐஸ் பெட்டி

கோச் ஐஸ் பெட்டியின் மேலிருந்து எழுந்த அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தண்ணீர் பாட்டில்கள் கொண்டுவரும் நீலப் பெட்டி அது. உள்ளே, பனிக்கட்டிகளுக்கு நடுவே, என் ரூம்மேட்டின் ஹெல்மெட். சற்று முன் தலையில் இடி வாங்கி விழுந்த அவன், எழுந்ததும் திசை தெரியாமல் எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கோச் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு, மூடி, தன் பெரிய உடம்போடு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ஹெல்மெட் இல்லாதவன் மைதானத்துக்குள் போக முடியாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் பல கோச்சுகள் செய்வதுதான். தலையில் அடிபட்டவன் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வான் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கோச் அமெரிக்காவில் சில சீசன்கள் தொழில்முறையாக ஆடியவர். பந்தோடு ஓடுகிறவரில்லை, ஓடுகிறவனுக்கு முன்னால் சுவர்போல நின்று மோதலை வாங்குகிறவர். டிவியில் தன் பெயரைச் சொன்னதே இல்லை என்பார். முட்டி போன பிறகு பள்ளிக்கூடங்களில் கோச், பிறகு துபாயில் எங்கள் வார இறுதி கிளப்பில். ராஸ் அல் கைமா சிமென்ட் ஃபேக்டரியில் எனக்கு ஆபீஸ் வேலை. ரூம்மேட்டுக்கு, சிமென்ட் கொட்டிவைக்கும் சைலோ கோபுரத்தின் உச்சியில் ஏறிச் செய்யும் வேலை. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், வலை இழுத்த தோள். யூடியூபில் பார்த்துப் பைத்தியமாகி அவனை இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்தது நான்தான். கோச் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். யார் எங்கே ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வரைவேன். ஒரு நாள், உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டம் எது என்று கேட்டேன். அவர் சொன்ன ஆட்டத்தின் பின்பாதி அவருக்கு நினைவிலேயே இல்லையாம். தலையில் அடி, உட்காரவைத்தார்கள், ஒருவன் ரகசியமாக ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தான், மறுபடி இறங்கினார். தான் ஆடியதைப் பின்னால் வீடியோவில்தான் பார்த்தாராம். “கொடுத்தவன் எதிரியில்லை, என் உயிர் நண்பன்” என்றார். எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு ஜெயித்த கதையை நான் எதிர்பார்த்திருந்தேன். ஏமாற்றமாக இருந்தது. நோட்டில் எழுதாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அன்று ஜெயித்தால் ஃபைனல். ரெஃப்ரியோடு வாக்குவாதம் செய்ய கோச் எழுந்து போனார். ரூம்மேட் என் ஜெர்சியைப் பிடித்து இழுத்தான். “மக்கா, எனக்கு ஒண்ணுமில்லல. அத எடுத்துத் தா.”

“கோச் பாத்தா கொன்னுருவாருடா.”

“அவரு வாறதுக்குள்ள ஒரு தடவ எறங்கி மோதிட்டு வந்திருவேன். நீதான பந்து புடிக்கப் போற? முன்னால ஆள் வேண்டாமா?”

அவன் கேட்டதால் கொடுத்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அவன் வாய் திறக்கும் முன்பே என் கண் பெட்டியின் மூடிக்குப் போய்விட்டது. பந்தைப் பிடிக்கப் போகிறவன் நான். எனக்குச் சுவர் தேவைப்பட்டது. கொடுத்தேன். அவன் இறங்கினான், மோதினான், எனக்கு வழி திறந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி, ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தபோது அவன் மண்டியிட்டுப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், உம் அல் குவைன் தாண்டுவதற்குள், “யாரு மக்கா ஜெயிச்சா?” என்று மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்டுவிட்டுக் கார்க் கதவிலேயே வாந்தி எடுத்தான். நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டேன். வாரக்கணக்கில் தலைவலி, வெளிச்சம் பட்டால் கண் கூச்சம். இனி உயரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதினார். சைலோவில் ஏற முடியாதவனை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? ஊருக்கு அனுப்பிவிட்டது.

கிளப் கமிட்டி விசாரித்தது. ஹெல்மெட் எப்படி வெளியே வந்தது என்று கேட்டார்கள். ரூம்மேட் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோச் என் பக்கம் திரும்பாமலே, “நான் எழுந்திருக்கக் கூடாது. எழுந்துவிட்டேன். தப்பு என்னுடையது” என்றார். கமிட்டியில் ஒருவர் “கலாஸ், முடிந்தது” என்று ஃபைலை மூடினார். அப்போது எனக்குள் வந்தது வருத்தமல்ல, நிம்மதி. இன்று வரை என்னைக் கூசவைப்பது ஹெல்மெட்டைவிட அந்த நிம்மதிதான். அடுத்த மாதமே கோச் அமெரிக்கா திரும்பினார். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. டியூட்டி என்று மெசேஜ் அனுப்பினேன். டியூட்டி இல்லை.

இப்போது அதே கிளப் ஜூனியர் அணிக்கு என்னைக் கோச்சாக இருக்கச் சொல்கிறது. நேற்று ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். அப்பாவின் படகில் அவன் போவதில்லை, வெயில் ஆகாது. கரையில் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துகிறான்.

“நீ கோச்சால? வெளங்குன மாதிரிதான்!” என்று சிரித்தான். பிறகு, “அந்தப் பெட்டி மேல யாரு உக்காருவா? நீ ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் இருக்க மாட்டியே.”

“கமிட்டில உண்மையச் சொல்லிரப் போறேன்டா. கோச்சுக்கும் எழுதப் போறேன்.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாம் மக்கா” என்றான்.

ஜூனியர் அணிக்கென்று கிளப் கொடுத்த அதே நீலப் பெட்டி இப்போது என் கார் டிக்கியில் இருக்கிறது. கமிட்டி நாளை கூடுகிறது. சொல்லவேண்டியது ஒரு வரிதான்: ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தது நான். காருக்குள் தனியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பாதியில் குரல் இறங்கிவிட்டது. ஜன்னலை ஏற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.