இருபத்தேழாம் எண் வீட்டுச் சம்மதம்

டோம்னிகா ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் டிராம் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தடம். அது அவள் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தை ஒட்டித்தான் போகும். தினம் பத்துத் தடவையாவது தன் ஜன்னலை அண்ணாந்து பார்ப்பாள். ஆனால் ஜன்னல் தெரியாது. கட்டடத்தின் முகப்பையே மூடிக்கொண்டு ஒரு விளம்பரப் பேனர். முதலில் பீர், அப்புறம் கைப்பேசி, இப்போது பற்பசை. ஐந்தாம் மாடியில் அவள் படுக்கையறை, பற்பசைக்காரியின் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருந்தது.

ஐந்து வருஷமாக நடுப்பகலிலும் விளக்கெரிய வேண்டும். காற்றடித்தால் துணி சுவரில் அறைந்துகொண்டே இருக்கும். விடியற்காலை வண்டி ஓட்டிவிட்டு வந்து கண்ணயர முடியாது.

அவள் மாநகராட்சிக்கு ஒன்பது மனு எழுதினாள். ஒவ்வொன்றையும் கணவன் தீனு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துத் திருத்திக் கொடுப்பான். "இன்னும் கொஞ்சம் காரமா எழுது, டோம்னிகா. இதுக்கெல்லாம் அவனுங்களுக்கு உறைக்காது" என்பான். ஒன்பதுக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'கட்டடத்தாரின் சம்மதத்துடன் வைக்கப்பட்டது.' மற்ற வீட்டுக்காரர்கள் சேர்ந்து தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று டோம்னிகா நினைத்துக்கொண்டாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் யாரோடும் பேசுவதில்லை.

இந்த வசந்தத்தில் மாநகராட்சி புது விதி கொண்டுவந்தது. ஜன்னலை மறைக்கும் விளம்பரம் என்றால் பின்னாலுள்ள ஒவ்வொரு வீட்டின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும்; ஒரு வீடு மறுத்தாலும் கழற்ற வேண்டும். டோம்னிகாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஸ்மராண்டா என்ற இளம் அதிகாரி கோப்பைப் பிரித்து வைத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டு எதுக்கு மனு மேல மனுவா போடுறீங்க?"

"யாரு போட்டா? நானா?"

அதிகாரி ஐந்து வருஷத்துக்கு முந்தைய சம்மதத் தாளைத் திருப்பிக் காட்டினாள். இருபத்தேழாம் எண் வீடு. உரிமையாளர் டோம்னிகா. பக்கத்தில் கையெழுத்து. அவள் பெயர்தான். ஆனால் வால் நீண்டு சுழிந்த அந்த எழுத்து தீனுவுடையது. முப்பது வருஷமாகப் பார்க்கிற கை.

"தண்ணி வேணுமா மேடம்?" என்றது எங்கோ தூரத்தில் கேட்டது.

அன்று மதியம் அவளுக்கு வேலை இருந்தது. தன் கட்டடத்து நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவள் கதவைத் திறக்கவில்லை.

"ஏம்மா டிரைவரு, உள்ளயே குடித்தனம் நடத்தச் சொல்றியா?" என்று ஒரு பயணி கத்திய பிறகுதான் கை பொத்தானுக்குப் போனது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது தீனு அவரைக்கொட்டை சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"தீனு, சம்மதத் தாள்ல என் பேரைப் போட்டது யாரு?"

கரண்டி நின்றது. "யாரு சொன்னா உனக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா."

அவன் அடுப்பை அணைத்தான். "பால்கனியைச் செங்கல் வெச்சு அடைச்சுக் கட்டி என் கடைசல் மெஷினை வெச்சேனே, அதுக்கு அனுமதி வாங்கல. அந்த வருஷம் சோதனைக்கு வர்றாங்கன்னு பேச்சு. பேனர் வந்தா தெருவிலேர்ந்து ஒண்ணும் தெரியாதுன்னு கட்டட நிர்வாகி சொன்னான். நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்."

"அப்ப என் மனுவை எல்லாம் உக்காந்து திருத்தினியே, அது?"

"நீ எழுதி என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்."

கையெழுத்தைக்கூட அவள் மன்னித்திருப்பாள். இந்தச் சொல்தான் நெஞ்சில் அடித்தது. சூப்பை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை மேஜையில் தாளை வைத்து எழுதினாள். தீனு பின்னால் வந்து நின்றான்.

"என்னை மாட்டிவிடப் போறியா?"

"கையெழுத்து என்னுதில்லைன்னு எழுதுறேன். யாருதுன்னு இன்னும் யாரும் கேக்கல."

"பேனர் போனா பால்கனி வெளிய தெரியுமே, டோம்னிகா."

"தெரியட்டும்."

மூன்று வாரத்தில் கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் துணியைக் கழற்றினார்கள். வெயில் படுக்கையறைக்குள் கொட்டியது. விளக்கு வெளிச்சத்தில் கண்ணில் படாத கரும்பூசணம் சுவரெல்லாம். இத்தனை நாள் இதற்குள்ளா படுத்திருந்தோம் என்று டோம்னிகா விறைத்து நின்றாள். கீழே ஸ்மராண்டா அண்ணாந்து பார்த்து, ஐந்தாம் மாடிப் பால்கனியின் செங்கல் சுவரைக் குறித்துக்கொண்டாள்.

அறுபது நாளுக்குள் இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தீனு ஆள் வைக்கவில்லை. தானே சுத்தியலால் இரண்டு நாள் உடைத்தான். டோம்னிகா உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எதிர்வீட்டுக்காரியிடம் மட்டும் போய், ஐந்து வருஷமாகப் பேசாததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"நான் அப்பவே முடியாதுன்னு சொன்னவதாம்மா. நீயே போட்டுட்டியேன்னுதான் கடைசில நானும் போட்டேன்" என்றாள் அவள்.