ஆ காட்டுங்க அக்காவின் பத்து நிமிடம்

அந்தப் பல் மருத்துவமனைக்கு வந்து போனவர்களில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. தெரிந்திருந்த ஒன்றிரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு இருபது முறையாவது அவள் சொன்னது "ஆ காட்டுங்க" என்பதுதான். ஆகவே அவள் 'ஆ காட்டுங்க அக்கா' ஆனாள். கடைத்தெருவில் அவள் எதிரே வந்தால் பெரிய மனிதர்கள்கூடத் தம்மை அறியாமல் வாயைத் திறந்துவிடுவார்களாம். ஒரு வங்கி மேலாளர் சாலை நடுவே அப்படி நின்றதில், ஈ ஒன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது என்றும் பேச்சு. மேலாளர் நின்றது உண்மை. ஈயின் விஷயத்தை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம்.

செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடி. இரண்டு சிறிய அறைகள், அறைக்கு ஒரு நாற்காலி, நடுவே பலகைத் தடுப்பு. கருவிகளைக் கழுவி ஆவியில் வைத்து எடுப்பது, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு திணிப்பது, வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது, நடுங்குகிறவர்களின் தோளைத் தட்டுவது, எல்லாம் அவள்தான். டாக்டர் ஊசி போடுவார். மருந்து பிடித்துக் கீழ்த்தாடை மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் டாக்டர் அடுத்த அறை நாற்காலிக்குப் போய்விடுவார். இங்கே மல்லாந்து கிடக்கிறவரும் அவளும் மட்டும்.

அந்தப் பத்து நிமிடம்தான் அவளுடைய ஊழியம்.

அவளுக்கு அழைப்பு வந்தபோது வயது இருபத்து நாலு. வானம் திறக்கவில்லை, ஒளி எதுவும் அடிக்கவில்லை. ஒரு ஜெபக் கூட்டத்தின் கடைசி வரிசையில், யாரோ பெற்ற குழந்தை அழுகிறதே என்று மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்தவர், இயேசு உங்களுக்குச் செய்ததைப் போய் ஒருவருக்காவது சொல்லுங்கள் என்றார். குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. சொன்னது தனக்குத்தான் என்று அவளுக்குப் பட்டது. அடுத்த நிமிடமே நடைமுறைச் சிக்கலும் பட்டது. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை வேலை, வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, அன்றைக்குத் துணி துவைக்க வேண்டும். எங்கே போவது, யாரிடம் சொல்வது? மறுநாள் ஒரு நோயாளியின் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. நாம் ஏன் போக வேண்டும்? ஜனங்கள்தான் படியேறி வருகிறார்களே. வந்து படுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். குறுக்கே பேச வாயும் இல்லை.

டாக்டருக்கு எந்தச் சாமியிடமும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் அவர் தடுக்கவில்லை. "நான் பல்லைப் பிடுங்குறேன், நீங்க பாவத்தைப் பிடுங்குங்க. ரெண்டும் ஒரே ஊசியில முடிஞ்சா நோயாளிக்கு லாபம்தானே அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

முதல் எட்டு வருடம் அவளுடைய சாட்சி, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. தான் கோபக்காரியாக இருந்ததும் பிறகு கோபம் குறைந்ததும் பற்றி ஒருவர் எவ்வளவு நேரம் கேட்பார்? பிறகுதான் அவளுடைய கணவருக்கு நோய் வந்தது.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஆறடி மூன்று அங்குலம். ஓட்டுநர் இருக்கையில் மடிந்துதான் உட்காருவார். பிள்ளைகள் அவரை 'ஏணி மாமா' என்றார்கள். அவர் எழுந்து நின்றால் வேனின் கூரை ஒரு அங்குலம் உயரும் என்று அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சத்தியம் செய்தார்களாம். தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. வேனில் ஏறி இறங்கியவர்கள்தான் பிள்ளைகள். நுரையீரலில் நீர் கோத்து அவர் படுத்தபோது மூன்று மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில், பினாயில் ஈரம் காயாத தரையில், முழங்காலில் நின்றாள். நான்காம் நாள் காலை அவர் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றார். அடுத்த மாதம் வேன் ஓட்டினார்.

அதற்குப் பிறகு அவளுடைய பத்து நிமிடத்துக்கு உயிர் வந்தது. கேட்டவர்கள் பலர் கண் கலங்கியது மருந்தினால் மட்டும் அல்ல. சிலர் தேவாலயத்துக்கும் வந்தார்கள். சொல்லிச் சொல்லி அது நன்றாகப் படிந்துவிட்டது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் பஞ்சை மாற்ற வேண்டும் என்பதுகூட. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "இன்னைக்கும் அதே வேனைத்தான் ஓட்டுறாரு. வேணும்னா சாயந்திரம் நாலு மணிக்குத் தெருமுனையில நின்னு பாருங்க."

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார். நிமிரவில்லை.

அவள் அழவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொன்னாள். அடுத்த வாரம் வேலைக்கு வந்தாள். சாப்பாடு வாய்க்குள் போனது, என்ன சாப்பாடு என்று தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நின்றாள். பல் தேய்ப்பது போலத்தான் ஜெபித்தாள். ஒரு நாளும் விடவில்லை, ஒரு நாளும் நினைத்துச் செய்யவில்லை. ஊசி போட்ட பிறகு அந்தப் பத்து நிமிடத்திலும் வழக்கம்போலவே பேசினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் வந்தார். ஐம்பது வயது, தேக்குக் கட்டை போன்ற கை, இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால். டாக்டர் ஊசி போட்டுவிட்டு நகர்ந்தார். அவள் பஞ்சு வைத்தாள், ஆரம்பித்தாள். நடைபாதை, முழங்கால், நான்காம் நாள், பசி. மனிதர் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கும் அதே வேனைத்தான் ஓட்டுறாரு" என்று அவள் சொன்னதும் அவர் கண் இரண்டும் முட்டைபோல விரிந்தன. கையைத் தூக்கினார்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பாதி நாக்கு மரத்துக் கிடந்தது, கன்னம் நிறையப் பஞ்சு. உளறல்தான் வந்தது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் மறுபடி படியேறி வந்தார். அவள் கழுவிய கருவிகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்ப வாய் வந்துடுச்சு. ஒண்ணு சொல்லணும்."

"கடிச்சு எதுவும் சாப்பிட்டுடலையே?"

"அது இல்ல. உங்க வீட்டுக்காரர், ஏணி மாமா. இன்னைக்கும் வேன் ஓட்டுறாருன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அக்கா... அவருக்குக் குழி வெட்டினதே நான்தான்."

அவள் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் துடைத்து முடித்துத் தட்டில் வைத்தாள். "ஓ" என்றாள்.

"அளவு யாரும் சொல்லல. வழக்கமான நீளத்துக்கு வெட்டிட்டேன், பெட்டி இறங்கல. கூட்டம் நிக்குது, பாட்டை ரெண்டாம் தடவையும் பாடி முடிச்சுட்டாங்க, நான் உள்ள நின்னு இன்னும் ஒரு சாண் வெட்டிட்டிருக்கேன். மறக்குமா? நீங்க மேலேர்ந்து குனிஞ்சு, 'தண்ணி குடிச்சீங்களா'ன்னு எங்கிட்ட கேட்டீங்க."

"கேட்டேனா?"

"கேட்டீங்க. பாட்டிலை நீங்கதான் குடுத்தீங்க."

அவளுக்கு அந்த முகம் நினைவில் இல்லை, பாட்டிலும் இல்லை. தடுப்பின் ஓரத்தில் டாக்டர் நின்றிருந்தார். இத்தனை வருடத்தில் கதையின் முடிவை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நேரத்தில்தான் அடுத்த அறையில் இருப்பாரே.

"எட்டு மாசமாவா அக்கா இப்படிச் சொல்லிட்டு இருந்தீங்க?"

"பொய் சொல்லணும்னு சொல்லல டாக்டர். வாய் அது பாட்டுக்குச் சொல்லிருக்கு."

"பத்து நாள் லீவு எடுத்துக்குங்க."

"வீட்ல உக்காந்து என்ன பண்றது?"

பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நானூறு பேராவது இருக்கும். இறந்தவரை நானூறு முறை தெருமுனையில் வண்டி ஓட்டவிட்டிருக்கிறாள். யாராவது நாலு மணிக்குப் போய் நின்றும் பார்த்திருப்பார்கள். அவர் பிழைத்தது ஒரு சாட்சி என்றால், அவர் போனது எதற்குச் சாட்சி? முடிவு கழன்று விழுந்துவிட்ட பிறகு அந்த முழங்காலும் நடைபாதையும் எதைத் தாங்கி நிற்கும்? கடவுள் தன்னை இந்த உலகத்தில் எதற்காக வைத்திருக்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது அந்தப் பத்து நிமிடம் ஒன்றுதான். அது போனால் மிச்சம் பஞ்சும் குழாயும். பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். பயம் வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் சொன்னாள். "இனிமே நான் சொல்லல ஐயா. எனக்குள்ள ஒண்ணும் இல்ல."

நல்ல மனிதர். பதறிப்போய், "ஓய்வா இருங்கம்மா. வாயால சொல்ல வேண்டாம், இதைக் கையில குடுத்தாப் போதும்" என்று ஒரு கட்டு துண்டுப் பிரசுரங்களை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாள். வரவேற்பு மேசையின் ஒரு கால் நீண்ட நாளாக ஆடிக்கொண்டிருந்தது. கட்டு அதற்கு அளவெடுத்தது போல இருந்தது.

இரண்டு வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. மருந்து பிடிக்கிற வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பழைய நோயாளி ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர், பஞ்சு எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்டார், "என்ன அக்கா, இன்னைக்கு மைக் ரிப்பேரா?"

"ஆமா" என்றாள்.

குழி வெட்டுகிறவருக்கு ரூட் கேனாலின் இரண்டாம் சுற்று அதற்கு அடுத்த புதன்கிழமை. நாற்காலியில் சாய்ந்தவர், டாக்டர் ஊசியை எடுத்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"டாக்டர், கொஞ்சம் பொறுங்க. முதல்ல அக்கா சொல்லட்டும். வாய் இருக்கும்போதே நான் கேக்கணும்."

டாக்டர் இருவரையும் பார்த்தார். "அடுத்த ரூம்ல ஒரு பல் எனக்காகக் காத்திருக்கு" என்று சொல்லிப் போனார்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள்.

"அன்னைக்கு அவ்வளவு இருந்துச்சே!"

"முடிவு தப்பா இருந்துச்சு."

"சரியான முடிவோட சொல்லுங்க."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நோயாளியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. குரலைத் தாழ்த்த வேண்டிய இடங்களில் தாழ்த்த மறந்துவிட்டாள். "அப்புறம் பிழைச்சாரு. பதினெட்டு வருஷம் இருந்தாரு. ஒரு நாள் காலைல ஷூ கயிறு கட்டக் குனிஞ்சாரு. நான் அடுப்படியில இருந்தேன். ஜெபம் பண்ணக்கூட நேரம் குடுக்கல. அவ்வளவுதான்." கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"இப்பவும் நம்புறீங்களா?"

இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோருடைய வாயிலும் பஞ்சு வைத்தது அவளேதான். அவள் உள்ளே தேடினாள், அலமாரியில் சாவியைத் தேடுகிறது போல, அவசரம் இல்லாமல்.

"நம்புறேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணும் தோணல. ருசியே இல்லாம சாப்பிடறோம்ல, அப்படித்தான். இயேசு இருக்காரு, எங்க வீட்டுக்காரரும் அவர்கிட்ட இருக்காரு. நம்புறேன். சந்தோஷமா இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல." அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "கல்லறைக்கு வர்ற எல்லாரும் இதேதான் சொல்றாங்க அக்கா, செத்தவங்க எழுந்திருப்பாங்க, எழுந்திருப்பாங்கன்னு. பெட்டியைப் பார்த்துச் சத்தமா சொல்லிட்டுப் போயிடுவாங்க. நான் மண்வெட்டியோட ரெண்டடி தள்ளி நிப்பேன். என்னைப் பார்த்து ஒருத்தரும் சொன்னதில்ல."

"நீங்க நம்புறீங்களா?" அவள் கேட்டுவிட்டாள். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியும் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"தெரியல. இருபது வருஷமா இறக்கிட்டு இருக்கேன், ஒருத்தர்கூட ஏறி வரல. யாராவது வந்தா முதல்ல ஓடப்போறது நான்தான்."

சிரிப்பு வர வேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. ஆனால் அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. எட்டு மாதத்தில் அதுகூடத் தெரிந்ததில்லை.

"உங்களுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட நல்ல பதில் எதுவும் இல்ல" என்றாள்.

"இல்லைன்னே சொல்லுங்க. அதையும் கேட்டுக்கறேன்."

டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகான பத்து நிமிடமும் அவள் ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வேலை முடிந்ததும் அவர் மேசைக்கு வந்தார். வாய் ஒரு பக்கம் தொங்கியது. அடுத்தது எப்போது என்று கையாலேயே கேட்டார்.

"புதன்கிழமை, நாலு மணி" என்றபடி நோட்டில் எழுதினாள்.

அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவளைக் காட்டினார். இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது என்பது போல இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

அவள் நாலு என்று எழுதியதை அடித்துவிட்டு, மூன்று நாற்பது என்று எழுதினாள்.