குமிழிகளுக்கு ஒரு சாட்சி

ஒரு மனிதருக்கு வேலை போனதற்கு நான்தான் காரணம். எண்பது வயதைத் தாண்டிய பிறகாவது அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், மண்ணெண்ணெய்க்காக டின்னோடு வரிசையில் நின்ற காலம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நானும் அவரும் வேலை பார்த்தோம். குடியிருந்ததும் ஒரே வீட்டு மாடியில், பக்கத்துப் பக்கத்துப் போர்ஷன். ஆய்வுக்கூடத்து அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் அவர் மட்டும் மொட்டை மாடிக்குப் போவார். கையில் கண்ணாடித் தொட்டி, கறுப்புத் துணி. கீழ்வீட்டு லேத் ஆபரேட்டர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், உங்காளு மேல சரக்கு காச்சிகினு கீறாரா? ரெடியானா நமக்கும் ஒரு கிளாஸ் சொல்லு."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் உறுத்தியது. அடுத்த ஞாயிறு மேலே போய்ப் பார்த்தேன். அவர் சந்தோஷமாகக் காட்டினார். பெயின்டில் போடும் வெள்ளைப் பொடியைத் தகட்டில் பூசி, ஸ்டவ்வில் சுட்டு, தண்ணீரில் நிறுத்தியிருந்தார். எதிரே ஒரு மெல்லிய கம்பி. வெயில் பட்டால் தண்ணீர் பிரிந்து, எரியக்கூடிய வாயு வரும் என்றார்.

"இது மட்டும் கைகூடிட்டா அடுப்புக்கு வெயிலே போதும் சார்."

கம்பியில் கடுகைவிடச் சின்னதாகக் குமிழிகள். துணியால் மூடினார், நின்றன. எடுத்தார், மறுபடி வந்தன. என் கண் குமிழியில் இல்லை, கம்பியில் இருந்தது. அது பிளாட்டினம். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கல்லூரிப் பேராசிரியர் கொடுத்தது என்றார். பதில் சற்றுத் தாமதித்து வந்ததாக எனக்குப் பட்டது.

மறுநாள் அலமாரியைத் திறந்தால், எங்கள் பிளாட்டினக் கம்பியைக் காணோம். நான் சரியாகத் தேடவில்லை. தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. இடது கையால், பெயர் போடாமல் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நம்ப வேண்டுமே என்று பார்த்ததையெல்லாம் எழுதினேன்: தகடு, கம்பி, துணி போட்டால் குமிழி நிற்பது, எடுத்தால் வருவது.

தொழிற்சாலை ஆட்கள் வந்து அவர் போர்ஷனைச் சோதனை போட்டார்கள். தொட்டி மாடிப்படியில் விழுந்து உடைந்தது. கம்பியைக் கொடுத்த பேராசிரியர் முந்தைய வருடமே காலமாகியிருந்தார். இவருக்காகச் சாட்சி சொல்ல வேறு யாருமில்லை. வேலை போயிற்று.

அடுத்த வருடம் அலமாரிக்குப் புதுக் காகிதம் விரித்தபோது கம்பி கிடைத்தது. நானே வடிதாளில் சுற்றி வைத்திருந்தேன். மேலாளரிடம் போய்க் கடிதம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டார். வேலை போனவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

விசாரித்துக்கொண்டு போனேன். திருமழிசையில் ஒரு பேட்டரி சார்ஜ் கடையில் ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன்.

"தெரியும் சார். லெட்டரை என் முன்னாடிதான் படிச்சாங்க. குமிழி நின்னு நின்னு வந்ததை உங்களைத் தவிர யார் பாத்தா?"

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு காலேஜுக்கு எழுதப் போறேன். அது வேலை செஞ்சுதுன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அன்னைக்குப் பாத்ததை அப்படியே எழுதிக் குடுங்க. இந்தத் தடவை பேரு போட்டு."

எழுதினேன். எந்தக் கையால் எழுதுகிறேன் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு முறை படித்தார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, இதுல ஒரு சாட்சிக் கையெழுத்து போடு."

"இன்னா நைனா, ஊடு எதுனா வாங்குறியா?" என்றபடி கடைக்காரர் போட்டுக் கொடுத்தார்.

சில மாதம் கழித்துப் போனபோது அவர் அங்கே இல்லை. "படிக்கப் பூட்டாரு சார்" என்றார் கடைக்காரர். என் காகிதம் உதவியதா என்று கேட்க வாய் வரவில்லை.

அதன் பிறகு ஆயிரக்கணக்கான சோதனை அறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன், ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் பேட்டரிக் கடையில் எழுதிக் கொடுத்த அந்த ஒன்றுக்கு மட்டும் என் கையெழுத்து போதவில்லை என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.