அழுக்கென்று துடைத்த கிரீஸ்

கயத்தாற்றில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் மோட்டார் சைக்கிளில் கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி, ஆயுத பூஜை கழிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஊரைத் தாண்டியதும் பின்சக்கரத்திலிருந்து மணலை அரைப்பதுபோல் ஓர் ஓசை எழுந்தது. அடுத்த நொடியில் வண்டியின் பின்பகுதி என் கைக்கு அடங்காமல் இடமும் வலமும் நெளிந்தது.

இறங்கிப் பார்த்தேன். டயரில் காற்று இருந்தது. சக்கரத்தைப் பற்றி அசைத்தால் விழப்போகும் பல்லைப்போல் ஆடியது. இருபுறமும் முந்தின நாள் மழையில் ஊறிய கரிசல். கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். லாரிகள் எங்களை உரசுவதுபோல் போயின. முழங்கால் வலிக்காரியான அவளால் நடக்க இயலாது. அங்கே தனியே நிறுத்திவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. மெல்ல ஓட்டத் துணிந்தேன். துணிவு என்பது சரியான சொல் அன்று. வேறு வழி தோன்றவில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்க" என்றேன்.

"ஏன், வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா முதுகு இப்படி நடுங்குது?"

பின்னால் லாரியின் ஒலி கேட்கும்போதெல்லாம், அவள் சரிந்து சக்கரத்தடியில் விழுவதை என் மனம் முன்கூட்டியே கண்டது. என் இடுப்பைச் சுற்றியிருந்த அவள் கை நழுவுகிறதா என்பதொன்றிலேயே உயிர் நின்றது. பிறவியை அறுத்தருள்வாய் என்று நாள்தோறும் பதிகம் ஓதி வேண்டுகிறவன் நான். அன்று, அடுத்த மைல்கல்வரை இவளை இந்த உடம்போடு விட்டுவை என்று இறைவனிடம் கெஞ்சினேன். கல் வந்ததும் அதற்கடுத்த கல்வரை. அதில் எனக்கு வெட்கமும் தோன்றவில்லை.

இடைசெவல் அருகே சாலையோரத்தில் ஒரு பட்டறை இருந்தது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். துருவேறிய பேரிங் வெளியே வந்தது. உடைந்த குண்டுகள் அவர் உள்ளங்கையில் உதிர்ந்தன.

"அண்ணாச்சி, பேருக்குக்கூட கிரீஸ் இல்லையே! செயினும் வறண்டுபோய்க் கெடக்கு. யாரு பாத்த வேல இது?"

"நான்தான்."

பூஜைக்கு முன் நானே சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கில் அப்பியிருந்த கருங்கசண்டை அழுக்கென்று கருதி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, பம்புசெட் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருந்தேன். செயினுக்கு எண்ணெய் இட்டால் சந்தனம் ஒட்டாதென்று அதையும் விட்டுவிட்டேன். தூய்மை என்று எண்ணியே செய்தேன்.

மெக்கானிக் சிரித்தார். "சாமிக்கு அபிஷேகம் பண்ணுங்க, வேண்டாங்கல. பேரிங்குக்குப் பண்ணுனா, அது நம்மளச் சாமிகிட்டயே கொண்டுபோய் விட்டுரும்லா!"

மனைவி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

அவர் இரு புறமும் புதிய பேரிங் அடித்து, கிரீஸ் திணித்து, செயினின் தொய்வைச் சரிசெய்து எண்ணெய் விட்டார். சக்கரத்தை நான் மூன்று முறை அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. ஆயினும் அவளை ஏற்ற என்னால் முடியவில்லை. வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினேன்.

"சரியாயிட்டுன்னுதான சொல்லுதாவ?" என்றாள்.

"ஆயிட்டு. நீ இதுல போ."

"அப்ப நீங்க மட்டும் விழலாமா?" என்று கேட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து ஏறிவிட்டாள்.

நான் பேருந்தின் பின்னாலேயே ஓட்டினேன். அதன் பின்புறக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கோவில்பட்டி வரும்வரை அவள் என் வண்டியின்மீதிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.