ரூபி அக்காவின் ஜெபச் சீட்டு

சர்ச் கூட்டித் துடைக்கிற வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டுக் கிளம்பின பிறகுதான் நமக்கு வேலையே ஆரம்பம். மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் சின்ன சர்ச்சில் எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஜெபப் பெட்டியில் ஜனங்கள் எழுதிப் போடும் சீட்டுகளை எடுத்து பாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள்.

தெரிந்த மீன்

ரூபி அக்கா ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அவர் வீட்டுக்காரர் டேனியல் அண்ணனுக்கு சனிக்கிழமை காலை ஜொகூர் பாருவில் நெஞ்சு ஆபரேஷன். புதன்கிழமை வேலை முடிந்து யூனிபார்மோடு வந்து, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினார். ஆபரேஷன் விஷயத்தை என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை. எனக்குப் பெரியவர்களிடம் வாய் திறந்து கேள்வி கேட்க வராது. அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன். "உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே கடவுள் எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டாருன்னு பாஸ்டர் சொன்னாரே அக்கா. அப்புறம் எதுக்கு எழுதுறீங்க?"

அவர் சீட்டை மடித்தபடியே சொன்னார்: "நான் என்ன மீன் கேப்பேன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் லா. கேக்காமலே வாங்கிட்டு வருவாரு. அதுக்காக அவர்கிட்ட நான் பேசாமலா இருக்கேன்?"

சோப்புத் தண்ணி

பெட்டியைத் திறந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த மகள் வீறிட்டாள். கீழே விழுந்த ஒரு சீட்டை எடுத்து சட்டைப்பையில் போட்டேன். மற்றதையெல்லாம் கொடுத்தேன், அதை மறந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அழுகிற பிள்ளையோடு வெளியே நின்றதால், அது வாசிக்கப்படாததும் எனக்குத் தெரியவில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வாஷிங் மெஷினைத் திறந்தால் பிள்ளைத் துணியெல்லாம் வெள்ளைத் தூள். ஒரு காகிதத் துண்டில் மட்டும் எழுத்து தெரிந்தது. 'டேனியல்', அதற்குக் கீழே 'பயமா இருக்கு'. ஆபரேஷன் அந்நேரம் முடிந்தே இருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அலமாக், கடவுளுக்குப் போற கடுதாசிய இப்படியா அலசுவ?"

திங்கட்கிழமை ஜெபம்

மாற்றுத் துணி எடுக்க ரூபி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். அண்ணன் கண் விழித்துவிட்டாராம், கஞ்சி குடித்தாராம். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் எனக்காக முட்டி போட்டிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் தெம்பா இருந்தேன்," என்றார்.

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவரோ பையைக் கீழே வைத்துவிட்டுப் பாயை விரித்தார். அந்த மனசு எனக்கு வருமா, தெரியவில்லை. "முன்னாடி பின்னாடி எல்லாம் நமக்குத்தான். இன்னிக்கு நீ கேக்குறது கடவுளுக்கு வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கும். வா, முட்டி போடு, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எல்லாம் முன்னாடியே முடிவானதுதான் என்றால் நான் அந்தச் சீட்டைத் துவைப்பதும் முடிவானதுதான், ஆனால் இதைப் பாஸ்டரிடம் போய்ச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு எழுதப்படவில்லை போலிருக்கிறது.