மூன்று நினைவு மலர்களும் ஒரு வாசிகசாலையும்

என் பொய்யை நானே ஆதாரமாகக் காட்டி, அதை நானே நம்பிய மடையன் நான்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்துக் கொடுப்பார்கள். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு. கனடாவிலிருந்து வந்திறங்கும் பிள்ளைகளுக்குத் தகப்பனைப் பற்றித் தெரிந்தது அவருடைய பிரஷர் குளிசை மட்டும்தான். ஆகவே வரலாற்றுக்கு என்னைப் பிடிப்பார்கள்.

"அண்ணை, வடிவா எழுதிவிடுங்கோ."

வடிவாகத்தான் எழுதுவேன். ஆயுள் முழுவதும் வேலிச்சண்டை தவிர வேறொன்றும் அறியாதவர்கூட என் கையில் கல்விமானாகிவிடுவார். என் பெயர் போடமாட்டேன். அடியில் ‘குடும்பத்தினர்’ என்றிருக்கும். எழுதியதை அடுத்த சாவீட்டுக்குள் மறந்தும் விடுவேன்.

பிறகு இணையக் கலைக்களஞ்சியமொன்றில் தொகுப்பாளரானேன். அங்கே யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். நான் அழிக்கிற ஆள். அதைச் சந்தியெல்லாம் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். எங்கள் ஊர்க் கட்டுரையில், வாசிகசாலையை நிறுவியவர் இன்ன ரோட்டு ஓவசியர் என்று எழுதி, அவருடைய பழைய நினைவு மலரை ஆதாரமாகப் போட்டேன். அச்சில் வந்ததல்லவா! ஒரு பத்திரிகை என் வரியை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டது. அதையே இரண்டாவது ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற தையல் ரீச்சர் ஒருவர், நிலம் கொடுத்து வாசிகசாலையைத் தொடக்கியவர் தன் ஐயா என்று இரண்டு தரம் எழுதினார். இரண்டு தரமும் அழித்தேன். ‘சொந்த நினைவு ஆதாரமாகாது’ என்று நீதவான் மாதிரி ஒரு குறிப்பும் வைத்தேன்.

என் கட்டுரையைப் பார்த்து வாசிகசாலையின் புதுப் பலகையில் ஓவசியர் பெயரை எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று ரீச்சர் என் வீட்டுக்கே வந்தார். பையிலிருந்து மூன்று நினைவு மலர்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

"வாசியும் தம்பி."

முதலாவதில் ஓவசியர் வாசிகசாலையை நிறுவியிருந்தார். இரண்டாவதில் ஒரு தபாலதிபர். மூன்றாவதில் சுன்னாகத்தில் வெங்காயக் கடை வைத்திருந்த முதலாளி. மூன்றிலும் ஒரே வரி: ‘அறிவுப் பசி தீர்க்க வாசிகசாலை கண்ட வள்ளல்.’

"ஆர் எழுதினது?"

"குடும்பத்தினர் எண்டு கிடக்கு ரீச்சர்."

"மூண்டு குடும்பமும் சேந்திருந்து ஒரே வசனத்தை எழுதினவையாக்கும்! உந்த வள்ளல் உம்மடை வள்ளல்தானே?"

"ஓம்."

"ஓவசியர் அங்கை பேப்பர் வாசிக்க வந்தவர். வாசிச்சுப்போட்டு வீட்டை கொண்டுபோறவர். அந்தாளின்ரை பேர் பலகையிலை. அப்ப என்ரை ஐயா?"

பையின் அடியிலிருந்து காணி உறுதி வந்தது. வாசிகசாலைக்கென்று அவர் தகப்பன் நன்கொடையாக எழுதிக் கொடுத்தது.

அன்றே ஓவசியரை அழித்தேன். பத்திரிகை ஆதாரத்தையும் அழித்தேன். உறுதியை எடுத்துக்கொண்டு வாசிகசாலை நிர்வாகத்திடம் போய் என் திருவிளையாடலைச் சொன்னேன். அவர்கள் சிரித்து முடிய ஒரு தேத்தண்ணி ஆறிப்போனது. பலகையில் ரீச்சரின் தகப்பன் பெயர் ஏறியது.

திறப்பு விழாவில் ரீச்சருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நப்பாசை. அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தம்பி, நான் செத்தால் மலர் எழுதித் தாறன் எண்டு வந்திடாதையும்."