அளவுச் சட்டை

தையல்காரருக்குத் தெரு வைத்த பெயர் ‘அளவுச் சட்டை’. காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல் சுமந்து திரிந்தார். எல்லாம் அவர் வாய் செய்த வேலை. வேதாகமத்தில் வரும் இஸ்ரவேல் ராஜாக்களைப் பற்றி ஆரம்பித்துவிட்டால், அளவு கொடுக்க வந்தவன் தூக்கிய கையை இறக்க முடியாது.

“கோட்டை கட்டினான், படை நடத்தினான், அதெல்லாம் யாருக்கு வேணும்? அதுக்கெல்லாம் வேதத்துல ரெண்டு வரிதான். சாமிக்கு உண்மையா இருந்தானா? அது ஒண்ணுதான் கேள்வி. தாவீது ராஜாதான் அளவுச் சட்டை. பின்னாடி வந்தவன் எல்லாரையும் அதுமேல போட்டுத்தான் பாக்குறாங்க. தோள் பத்தலையா? கெட்ட ராஜா. முடிஞ்சுது.”

தேறியவனையாவது விடுவாரா? “நல்ல ராஜாதான். ஆனாலும், மலைமேல இருந்த, சாமிக்கு ஆகாத பூசை மேடைகளை இடிக்கலையே!” அந்த ‘ஆனாலும்’ வாயிலிருந்து விழும்போது கத்தரிக்கோலும் சேர்ந்து ‘சரக்’ என்னும்.

கடையோடு இருந்தால் பரவாயில்லை. சபையில் யார் செத்தாலும், அடக்கத்துக்கு முன் அவர் வாழ்க்கையை நாலு வார்த்தை சொல்வது தையல்காரர்தான். போதகருக்கு வேலை மிச்சம். செத்தவரின் வீட்டார்தான் அந்த ‘ஆனாலும்’ எப்போது விழுமோ என்று காத்திருப்பார்கள். “ரொட்டிக்கடைக்காரர் ரொம்ப நேர்மையானவர். ஆனாலும், எடையில மட்டும்...” என்று அவருடைய அடக்கத்தில் இழுத்தார். அன்றிலிருந்து ரொட்டிக்கடைக்காரரின் பெண்சாதி தன் பிள்ளைகளுக்கு வேறு கடையில்தான் தைக்கிறாள்.

இதையெல்லாம் கடை மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய அக்கா. ஊரார் பிணத்துக்குத் தம்பி தீர்ப்புச் சொன்னபோது அவளும் வாயைப் பொத்திச் சிரித்தவள்தான். இப்போது அவள் வீட்டிலேயே பிணம்.

அவள் புருஷன் லாரி ஓட்டியவர். குடிப்பார். ஒருநாள் லாரியோடு போனவர் வேறு ஊரில் வேறொருத்தி வீட்டில் தங்கிவிட்டார். பல வருஷம் கழித்து, வீங்கிய காலோடு வந்து பின்வாசலில் நின்றார். “நின்னது போதும், உள்ள வாங்க” என்றாள் அவள். தம்பி அன்றிலிருந்து அத்தான் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா கெஞ்சியதற்காக ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அதற்கும், “அந்த ஆளைத் தொட்டு அளக்க மாட்டேன், பழைய சட்டையைக் குடு” என்றுதான் வாங்கினார்.

மறுநாள் அடக்கம். மத்தியானம் அக்கா அந்த வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்தாள்.

“வயிறு வீங்கிப்போச்சுடா. பட்டன் சேரல.”

தையல்காரர் சட்டையை வாங்கிக்கொண்டார். அவள் நகரவில்லை.

“நாளைக்கு என்ன பேசப்போற?”

“உள்ளதைப் பேசுவேன். குடிச்சாரு, உன்னை விட்டுட்டு ஓடினாரு. நல்ல ராஜான்னா சொல்லச் சொல்ற?”

“நல்லவர்னு சொன்னா பொணமே எழுந்து உக்காந்து சிரிக்கும். அதையா கேட்டேன்? அத்தோட முடிச்சுக் குழியில தள்ளிடாதேங்கறேன். நாளைக்கு அப்புறம் அந்த மனுஷனப் பத்தி யாரு பேசப்போறா?”

“அக்கா, அளவுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“பெரிய அளவு! உன் தாவீது அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துக்கிட்டு, அவ புருஷனைச் சண்டைக்கு அனுப்பிக் கொன்னவன்தானே? அளவுச் சட்டையிலேயே இவ்வளவு பெரிய கிழிசல். என் வீட்டுக்காரர் லாரியில ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிச்சதில்ல.”

“தாவீது அழுதாருக்கா. மனசு திரும்பினாரு.”

“இவர் திரும்பலன்னு உனக்கு யாரு சொன்னா? நீதான் மூஞ்சியையே பாக்கலையே!” அவள் ஊசிப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். “எனக்குக் கண்ணு மங்கி எத்தனை காலமாச்சு? உன் கடைப் பட்டனுக்கெல்லாம் ஊசியில நூல் கோத்தது யாருன்னு நெனச்ச? தினமும் காலையில உக்காந்து எனக்குக் கோத்து வெச்சிட்டுத்தான் காப்பித் தண்ணியே குடிப்பாரு. உன்கிட்ட சொல்லாதேன்னாரு.”

பெட்டிக்குள் ஊசிகள் நூலோடு வரிசையாகக் குத்தி நின்றன. தையல்காரர் அதையே பார்த்தார். பிறகு, செய்ய வேறொன்றும் தெரியாதவர்போல் சட்டையை உள்பக்கம் திருப்பினார். இரண்டு பக்கத் தையலிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது.

“கோவத்துல தெச்ச சட்டைக்கே இவ்வளவு துணி விட்டிருக்கியேடா!”

“அது... யாருக்கும் விடுறதுதான். உடம்பு நாளைக்கு எப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“கைக்கு இருக்கிற புத்தி வாய்க்கும் கொஞ்சம் இருந்தா என்னவாம்?”

அவர் தையலைப் பிரித்தார்.

மறுநாள் சபையில் தையல்காரர் எழுந்தார். பிணத்தின்மேல் வெள்ளைச் சட்டை பட்டன் சேர்ந்து அழகாக உட்கார்ந்திருந்தது. அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அத்தான் தப்பு செஞ்சாரு. குடிச்சாரு. எங்க அக்காவை விட்டுட்டுப் போனாரு.”

ரொட்டிக்கடைக்காரரின் பெண்சாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆனாலும்...” என்றார் தையல்காரர். சபை திகைத்தது. வெட்டுவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

“ஆனாலும், திரும்பி வந்தாரு. என் கடையில சட்டை தெச்சவங்க எல்லாரும் பட்டனைத் தொட்டுப் பாருங்க. ஊசியில நூல் கோத்தது அவரு. எனக்கே நேத்துத்தான் தெரியும். அவரை நான் தொட்டு அளந்ததே இல்ல.”

அத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் ஒவ்வொருவராக நெஞ்சுப் பட்டனைத் தடவினார்கள். போதகரும் தடவினார்.

ரொட்டிக்கடைக்காரரின் பெண்சாதி மெதுவாக அக்காவின் பக்கம் சாய்ந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்குப் போட்ட ‘ஆனாலும்’ஐக் கொஞ்சம் பிரிச்சுத் தெச்சுத் தரச் சொல்லுங்கக்கா.”

அக்கா கண்ணைத் துடைத்தாள்.

“முதல்ல பிள்ளைங்க துணியை நம்ம கடைக்குக் கொண்டு வாடி. அப்புறம் பேசலாம்.”